நேற்றைய தேதித் தாள்

எதையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், தலைக்குள்ளிருந்து நேராகத் தாளுக்கு ஆடையை இறக்கக்கூடிய ஓவியன் புதுச்சேரியில் ஒருவன்தான் இருக்கிறான் என்பதும், காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றையும் சேர்த்துக்கொண்டாலும் எண்ணிக்கை மாறப்போவதில்லை என்பதும், அந்த ஒருவன் தான்தான் என்பதும் வெற்றிச்செல்வனின் தீர்மானமான முடிவு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஓவியன் கருவடிக்குப்பம் வீட்டில் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவனுடைய அப்பா கொளஞ்சி படுத்திருந்தார். அப்பாவின் அக்கா மண்ணாங்கட்டி அத்தை அறை வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"துணிக்குத்தானடா மூணு வருசமா படிக்கிற? குளிப்பாட்டினதும் அப்பனுக்கு எந்தச் சட்ட போடறதுன்னு எடுத்துக் குடு."

"அவருக்கு எது புடிக்கும்?"

"என்னக் கேக்கறியா? ஒரே ஊட்ல இருந்தது நீ."

நியாயமான கேள்வி. வெற்றிச்செல்வன் கண்ணை மூடி அப்பாவை மனத்தில் நிறுத்திப் பார்த்தான். முகம் வந்தது. முன்பல்லுக்கு நடுவில் இருந்த சந்து வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. காக்கி என்று நினைவிருந்தது. அதுகூட அப்பாவைப் பார்த்து வந்த நினைவல்ல. டெம்போ ஓட்டுகிற எல்லாரும் காக்கி போடுவார்கள் என்கிற பொது அறிவு.

"வெள்ளச் சட்ட போடலாம்," என்றான்.

"வெள்ள இருந்தா போடு."

பீரோவில் வெள்ளை இல்லை. இரண்டு காக்கி இருந்தன. யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த ஒரு ஊதாச் சட்டை இருந்தது. கீழ்த்தட்டில், நேற்று பெரியாஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த மூன்றாவது காக்கி பாலிதீன் உறைக்குள் சுருண்டு கிடந்தது. அவன் கதவைச் சாத்தினான்.

நேற்று மத்தியானம் ஒரு மணி வாக்கில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஆள் ஏற்றும் டெம்போ வரிசையில் தன் முறைக்காக நின்றிருந்த கொளஞ்சி, ஸ்டியரிங்கில் கையை வைத்து, கைமேல் தலையை வைத்தார். தூங்குகிறார் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். முறை வந்தும் வண்டி நகரவில்லை. ஹாரன் அடித்தார்கள். ஹாரனுக்கு அசையாத டெம்போ டிரைவர் இந்த ஊரில் கிடையாது என்பதால் அப்போதுதான் சந்தேகம் வந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயது.

அம்மா பார்வதி நேற்று சாயங்காலத்திலிருந்து பெட்டியின்மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் வந்தாலும் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்கள் நகர்ந்ததும் கை தானாகப் பெட்டிமேல் போய் உட்கார்ந்தது.

"ராவு காலம் எப்பப்பா முடியுது? பாத்துச் சொல்லு," என்று தெருவில் பந்தலுக்கடியிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

வெற்றிச்செல்வன் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் பார்த்து, "பன்னண்டுலேர்ந்து ஒன்ற," என்றான்.

"அது பொதங்கெழம," என்றாள் அத்தை. "இன்னிக்கு வியாழன். ஒன்றலேர்ந்து மூணு. யாருமே கிழிக்கலியா அத?"

அம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "கிழிக்கறது அவரு வேல, அண்ணி. காலைல எழுந்ததும் நேத்துத் தாள கிழிச்சி சட்டப் பையில வச்சிக்குவாரு. அப்பறம் அது எங்க போவுதுன்னே தெரியாது. வட சாப்ட்டுக் கை தொடைக்கிறாரோ என்னமோ." அதைச் சொன்னதும் மறுபடி அழுகை வந்துவிட்டது.

மூணு மணிக்குமேல் எடுப்பது என்று முடிவானது.

வெற்றிச்செல்வனின் கொள்கையை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அவன் படிக்கிற கல்லூரியில் ஆடை ஓவியம் எடுக்கிற சபின் மேடம், ஒவ்வொருவரும் ஒரு கார்னே வைத்திருக்க வேண்டும் என்பார். கார்னே என்றால் பிரெஞ்சில் கைநோட்டு. கண்ணில் பட்டது எதுவானாலும், துணித் துண்டு, சாக்லேட் காகிதம், பஸ்ஸில் பார்த்த ஒரு கொசுவம், எல்லாவற்றையும் அதில் ஒட்டவோ எழுதவோ வரையவோ வேண்டும். நாற்பது பக்கம். வகுப்பில் இருபத்திரண்டு பேர். பத்தொன்பது பேர் வெள்ளைக்கார வீதியில் ஒரே மஞ்சள் சுவரையும் அதன்மேல் படர்ந்த ஒரே காகிதப்பூவையும் படமெடுத்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேருக்கு அன்று காய்ச்சல். மிச்சமிருந்த ஒருவன், பொறுக்குவது காக்கையின் வேலை, படைப்பது கலைஞனின் வேலை என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தான்.

சபின் மேடம் கட்டுரையைப் படித்தார். அவனுடைய படங்களையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். ஆடை ஓவியத்தில் உருவம் ஒன்பது தலை உயரம் இருக்கும். சாதாரண மனிதர்களுக்கு ஏழரைதான்.

"எல்லாம் ஒரே பொண்ணா இருக்குதேப்பா," என்றார். "கலர் மட்டும் மாத்தி மாத்தி போட்டிருக்க. இதுல ஒருத்திகூட பஸ்ஸுக்கு நின்ன மாதிரி தெரியல."

மேடத்துக்குப் புரியவில்லை என்று வெற்றிச்செல்வன் அன்று ராத்திரி வீட்டில் அறிவித்தான். கொளஞ்சி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எதையும் பாக்காமயேவா வரைவ?" என்று கேட்டார்.

"பாத்து வரைஞ்சா அது காப்பிப்பா. ரோட்ல போறவங்க துணியெல்லாம் பாத்து குறிச்சி வச்சிக்கறது வேலயத்தவன் வேல."

கொளஞ்சி வாயில் இருந்ததை மென்று முடித்தார். "ஆங்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பெரிய ஆளுதான்," என்றார். அது பாராட்டா வேறு ஏதாவதா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வெற்றிச்செல்வன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

பதினொன்றரைக்கு டெம்போ வந்து தெருமுனையில் நின்றது. அப்பாவின் வண்டிதான். அதே வரிசையில் வண்டி ஓட்டும் குருசுக்குப்பம் பெஞ்சமேன் மாமா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நேற்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். சோற்று டப்பா, தண்ணி பாட்டில், துண்டு, மூடியில் பூனைப்படம் போட்ட ஒரு பழைய பிஸ்கட் டப்பா ஆகியவற்றை இரண்டு கையிலும் அணைத்தபடி நேராகப் பெண்கள் நடுவில் வந்து நின்றார்.

"சீட்டுக்கு அடியில இருந்துது, அண்ணி. கொளஞ்சியோட புவாத்து." பெஞ்சமேனுடைய அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர், அந்த வீட்டில் டப்பாவுக்குப் பெயர் புவாத்து.

"தொறந்து பாரு பெஞ்சமேனு," என்றாள் அத்தை. "யாரு போன் நம்பராச்சும் எழுதி வச்சிருப்பான். சேதி சொல்ல வேண்டியவங்க விட்டுப் போயிடப் போவுது."

பெஞ்சமேன் மாமா திறந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட கட்டுக் கட்டான தேதித் தாள்கள். முன்பக்கம் நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் பொடிப் பொடியாக எழுத்து.

அவர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். எதை எடுத்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் வாசிக்க வரும். மேலே இருந்த தாளை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"மயில்கழுத்து இன்னிக்கு வரல. ரெண்டு டிரிப்பு பாத்தேன். மனசு ஒரு மாதிரி இருக்குது."

கூடத்தில் இருந்த அழுகை மெல்லத் தணிந்தது. பெஞ்சமேன் மாமா அதைக் கவனிக்கவில்லை. அடுத்ததை எடுத்தார்.

"மயில்கழுத்து வந்துது. நெனச்ச மாதிரியே இருந்துது. நெஞ்சாண்ட பச்ச, தோள்ல வெய்யில் பட்டா நீலம். வண்டிக் கண்ணாடிய கொஞ்சம் கீழ எறக்கி வச்சிக்கிட்டேன்."

வாசகம் முடிந்ததும் வழக்கமாகச் சொல்கிற 'ஆண்டவரின் அருள்வாக்கு' அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். வெளியில் மேளக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அம்மாவின் கை பெட்டிமேலிருந்து இறங்கியிருந்தது.

"எங்கிட்ட மயில்கழுத்துல ஒரு பொடவயும் கெடையாது," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"அட ச்சீ, எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லடி," என்றாள் அத்தை. யாரும் எதுவும் சொல்லாதபோது அதைச் சொன்னதால் விஷயம் ஊர்ஜிதமானது. சுவரோரம் இருந்த இரண்டு பெண்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"போன வருசமே கேட்டேன்," என்றாள் அம்மா. "கண்ணாடி ஏங்க ரோட்டப் பாக்காம உள்ள பாக்குதுன்னு. ஜனங்க ஏறி எறங்கறத பாக்க வேணாமான்னாரு. நானும் ஆமாம்னு நெனச்சேன்."

"பார்வதி..."

"அந்த டப்பாவ அவரு தலமாட்டுலயே வச்சி அனுப்பிடுங்க அண்ணி. அவருக்கு வேண்டியது அவருகூடயே எரியட்டும்."

எழுந்து சமையலறைக்குள் போனாள். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை போய்க் கூப்பிட்டாள். அம்மாவின் தங்கச்சி முறை ஒருத்தி போய்க் கூப்பிட்டாள். வரவில்லை.

"மூணு மணிக்கு எடுத்துடுவாங்கடி. கடசியா மொகத்தப் பாக்க வேணாமா?"

"பாத்த வரைக்கும் போதும்."

பெஞ்சமேன் மாமா நடுக்கூடத்தில் டப்பாவோடு நின்றார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வெற்றிச்செல்வன் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"சட்ட தேடணும்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தான்.

கட்டிலில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தான். அதன் எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி தொடங்கின. நேரம், பிறகு ஆள், பிறகு துணி.

'8.10. மீன் கூட ஆயா. கத்திரிப்பூ பொடவ. சும்மாடும் அதே பொடவயில கிழிச்சதுதான். ரெண்டும் ஒரே துணி, ஆனா சும்மாடு உப்புத் தண்ணியில வெளுத்து வேற கலரு ஆயிடுச்சி. பக்கத்துல பக்கத்துல நல்லா இருக்கு.'

'5.30. போலீஸ்காரரு. சட்ட பழசு, காலர் மட்டும் புதுசு. வெட்டித் தச்சிருக்காங்க. தலைய திருப்பறப்ப கழுத்து மட்டும் டியூட்டில இருக்கற மாதிரி இருக்கு.'

'பெஞ்சமேன். சிமெண்டு கலர் பேண்டு. பின்னாடி ஒட்டு போட்டிருக்கான். அது எல்லாருக்கும் தெரியுதுன்னு அவனுக்குத் தெரியல.'

'என் ஊதாச் சட்டய போட்டுக்கிட்டு போனேன். ஸ்டாண்டுல எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா வெய்யில்ல நல்லாத்தான் இருந்துது.'

சில தாள்களில் எழுத்துக்குப் பதிலாகக் கோடுகள். ஒரு பெண் மேல்கம்பியைப் பிடித்திருக்கிறாள். தலை ஒரு சுழி. கைக்கு ஒரு கோடு, முழங்கையிலிருந்து தொங்கும் முந்தானைக்கு ஒரு கோடு, மடியில் அது மடங்குமிடத்தில் ஒரு வளைவு. அவ்வளவுதான். ஆனால் வண்டி வலதுபக்கம் திரும்புகிறது என்பது தெரிந்தது. கொளஞ்சிக்கு வரையத் தெரியாது. அதனால் தேவையானதை மட்டும் வரைந்திருந்தார். வெற்றிச்செல்வன் அந்த மூன்று கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன்னுடைய ஒன்பது தலைப் பெண்கள் எந்த வண்டியிலும் ஏறாமல், எங்கேயும் திரும்பாமல் நிற்பது அவனுக்கு முதல்முறையாகக் கண்ணில் பட்டது.

மயில்கழுத்து பதினொரு தாள்களில் வந்தது. கடைசியிலிருந்து இரண்டாவதில் இப்படி இருந்தது:

'இன்னிக்கு வேற ஒருத்தங்க மயில்கழுத்து கட்டிக்கிட்டு ஏறுனாங்க. இது வேற மாதிரி நெசவு போல. வெய்யில்ல புடிச்சாலும் மாறவேயில்ல. ஏமாந்துட்டேன். மொத பொடவக்காரம்மா எந்த ஸ்டாப்புன்னு தெரியல. மொகம் ஞாபகம் இல்ல.'

நெடுக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கில் ஓடும் ஊடு ஒரு நிறம். வெளிச்சம் பட்டால் துணி நிறம் மாறும். இரண்டாம் வருடத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. வெற்றிச்செல்வன் முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். அப்படி ஒரு துணியை அவன் நின்று பார்த்ததில்லை.

நாற்பது பக்க கார்னேவுக்கு டப்பாவில் ஆயிரம் பக்கம் இருந்தது. கொடுக்காதவர்களுக்கு மேடம் வைத்திருந்த கடைசித் தேதி அடுத்த வாரம். அப்பாவின் கையெழுத்து மேடத்துக்குத் தெரியாது. இந்த எண்ணம் அவனுக்கு ஒரு கணம்தான் வந்தது என்று சொல்லலாம். கணம் கொஞ்சம் நீளமாக இருந்தது.

அடிக்கட்டின் முதல் தாளை எடுத்துப் பார்த்தான். அவன் கல்லூரியில் சேர்ந்த வாரத்துத் திங்கட்கிழமை. அதைக் கவனித்தான். தாளைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, ரப்பர் பேண்டைப் போட்டான்.

வெளியே மேளம் மறுபடி ஆரம்பித்தது. மணி ஒன்றரை.

அம்மா சொன்னது நடந்தால் டப்பா இன்னும் இரண்டு மணி நேரத்தில் எரிந்துவிடும். அதோடு மயில்கழுத்து யார் என்கிற கேள்விக்குப் பதிலும் எரிந்துவிடும். அம்மா இன்னும் முப்பது வருடம் இருப்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். இன்னொருவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

எழுந்தான். ஏதோ நினைத்து பீரோவைத் திறந்து, பாலிதீன் உறையிலிருந்து அந்த மூன்றாவது காக்கியை எடுத்து, மேல்பையில் விரலை விட்டான். நான்காக மடித்த ஒரு தாள். செவ்வாய்க்கிழமைத் தேதி, நேற்று காலையில் கிழித்தது. விரித்துப் படித்தான். மடித்து மூடிவிட்டான். அதை மட்டும் யாருக்கும் காட்டவேண்டாம் என்று முதலில் நினைத்தான்.

சமையலறையில் அம்மா அப்படியே இருந்தாள். அத்தை பக்கத்தில் முறத்தில் எதையோ தேடுகிறவள்போல் காவல் இருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நாலைந்து பேர்.

"அம்மா, மயில்கழுத்து ஆளு இல்ல. கலரு."

"எனக்குத் தெரியாதாடா மயில்கழுத்து கலருன்னு? கட்டினவ யாரு?"

"அவருக்கே தெரியாது. மொகம் ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்காரு, பாரு."

"எழுதுவாரு."

"எல்லாரையும் எழுதியிருக்காரும்மா. மீன்காரம்மா, போலீஸ்காரரு, ஸ்கூல் புள்ளைங்க சாக்ஸு. பெஞ்சமேன் மாமா பேண்டுல ஒட்டு போட்டிருக்கறதகூட."

வாசலில் நின்ற பெஞ்சமேன் மாமாவின் கை பின்பக்கம் போனது.

"எதுக்குடா எழுதணும்?" என்றாள் அத்தை. "கூறு கெட்டவனா? ஊரான் துணியப் பாத்து எழுதி என்ன பண்ணப் போறான்?"

இதே வீட்டில், பொங்கலுக்கு வந்திருந்த இதே அத்தைக்கு அவன் முக்கால் மணி நேரம் விளக்கிய கொள்கை ஒன்று இருந்தது. அத்தைக்கு அது மறந்திருக்கும் என்று நம்பினான்.

"படம் வரையறவங்க அப்படித்தான் பண்ணுவாங்க அத்த. பாத்ததையெல்லாம் சேத்து வச்சிக்குவாங்க. அப்பறம் வரையறப்ப அதுலேர்ந்து எடுப்பாங்க. படிப்புலயே அது இருக்கு."

"நீ அதெல்லாம் காக்கா வேலன்னு சொன்னியே," என்றாள் அத்தை. மறக்கவில்லை.

"சொன்னேன்."

"வேலயத்தவன் வேலன்னு வேற சொன்ன."

"ஆமா அத்த. சொன்னேன்."

அம்மா முதல்முறையாகத் திரும்பினாள். "அப்ப நீ எழுதி வச்சிருக்கியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

இதற்கு இரண்டு பக்கப் பதில் அவனிடம் அச்சிட்டே இருந்தது. "தேவையில்லன்னு நெனச்சேன்," என்றான்.

அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பப் போனாள். நம்பவில்லை. படிப்பில் இருக்கிறது என்கிறான், ஆனால் படிக்கிறவனே செய்யவில்லை. டெம்போ ஓட்டுகிறவர் எதற்குச் செய்ய வேண்டும்? வெற்றிச்செல்வன் காக்கிப் பையிலிருந்து எடுத்த தாளை நீட்டினான். அம்மா வாங்கவில்லை. படிக்க வேண்டியதாயிற்று.

"பையன். கறுப்பு."

நிறுத்தினான்.

"அப்பறம்?" என்றாள் அம்மா.

"நேத்தும் கறுப்பு. சேந்த நாள்லேர்ந்து கறுப்புதான். கலரு படிக்கறவன் ஏன் கலரே போடறதில்லன்னு தெரியல. ஸ்டாண்டுல காக்கா உக்காந்தா இவன் ஞாபகம் வருது."

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பெஞ்சமேன் மாமாவாக இருக்கலாம். வெற்றிச்செல்வன் கடைசி வரியையும் அதே குரலில் படித்து முடித்தான்.

"வலது முழங்கைல நூல் விட்டிருக்கு. அவங்கம்மாகிட்ட சொல்லணும்."

அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டையின் முழங்கையைத் திருப்பினாள். நேற்றுப் போட்ட சட்டைதான், மாற்ற நேரமில்லை. தையல் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஒரு நூல் வெளியே தொங்கியது. அந்த நூலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல அவரு? இந்த மாதிரி எழுதறேன்னு."

"சொன்னா நீ எங்கிட்ட சொல்லுவ. நான் சிரிப்பேன்னுதான்."

அம்மா யோசித்தாள்.

"சிரிச்சிருப்பதான்," என்றாள்.

முழங்கையை விட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கை அதன் இடத்துக்குப் போனது. விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள். முன்னால் நகர்ந்து வந்திருந்த இரண்டு பெண்களும் பழைய இடத்துக்கே போய்ச் சாய்ந்துகொண்டார்கள்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "சட்ட?" என்று கேட்டாள்.

வெற்றிச்செல்வன் ஊதாச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"பொணத்துக்கு ஊதாவாடா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"வெய்யில்ல நல்லா இருக்கும் அத்த."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலேயே அம்மா தலையை ஆட்டினாள்.

மூணு பத்துக்கு எடுத்தார்கள். நல்ல வெய்யில். கோடித் துணிகள் போர்த்தியதுபோக, காலரும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன. சுடுகாடு பக்கம்தான் என்பதால் நடந்தே போனார்கள். அங்கே வெற்றிச்செல்வனுக்கு மொட்டை அடித்தார்கள். டப்பா போகவில்லை. அதை அம்மா வீட்டிலேயே பீரோவின் மேல்தட்டில், தன் புடவைகளுக்கு மேலே வைத்துச் சாத்தியிருந்தாள்.

மறுநாள் காலை அஸ்தி கரைக்க வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகவேண்டியிருந்தது. வெற்றிச்செல்வன் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது அம்மா ஊசியோடு வந்து அவன் கையைப் பிடித்தாள். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது, பச்சைதான் இருந்தது. உடம்பில் போட்டுக்கொண்டு தைக்கக் கூடாது என்று அத்தை கூடத்திலிருந்து சொன்னாள். அம்மா காதில் வாங்காமல் ஏழெட்டுத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

அவள் உள்ளே போனதும் அவன் காலண்டரிடம் போனான். இன்னும் புதன்கிழமையில் நின்றது. அந்தத் தாளைக் கிழித்தான். அடியில் வியாழன் வந்தது. இன்று வெள்ளி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, தாளை நான்காக மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டான்.

பெஞ்சமேன் மாமாதான் டெம்போ ஓட்டினார். பின்னால் தாய்மாமனும் உறவுக்காரர்கள் மூன்று பேரும். மடியில் கலயத்தோடு வெற்றிச்செல்வன் முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடி உள்பக்கம் பார்த்து, கொஞ்சம் கீழே இறங்கி இருந்தது. மாமா அதைத் திருப்பக் கை நீட்டினார்.

"பின்னாடி என்ன வருதுன்னே தெரியலப்பா இதுல."

"அப்படியே இருக்கட்டும் மாமா."

கையை எடுத்துக்கொண்டார்.

படகுகளுக்கு நடுவில் இறங்கிக் கரைத்தார்கள். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்ததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முழுகிவிட்டு, ஈரத்தோடு ஏறினார்கள். வெற்றிச்செல்வன் வண்டியில் கழற்றி வைத்திருந்த கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மொட்டைத் தலையில் காற்று பட்டது. திரும்பும் வழியில், ஸ்டாப்பில் நின்ற ஒரு அம்மா வண்டியைப் பார்த்ததும் கை காட்டினாள். பெஞ்சமேன் மாமா பழக்கத்தில் நிறுத்திவிட்டார். அந்த அம்மாவும் பழக்கத்தில் ஏறி, ஈர வேட்டிகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொளஞ்சியண்ணன் இன்னிக்கு வர்லயா?"

தாய்மாமன் வெளியே பார்த்தார். பெஞ்சமேன் மாமா கியர் மாற்றினார்.

"இல்லம்மா," என்றார்.

வண்டி கிளம்பியது. வெற்றிச்செல்வன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் முகங்கள் இல்லை. தோளிலிருந்து மடிவரைதான் தெரிந்தது. வெய்யில் தடுப்பில் ரப்பர் பேண்டு போட்டுச் செருகியிருந்த பால்பாயிண்ட் பேனாவை உருவினான். பையிலிருந்த தாளை எடுத்து டாஷ்போர்டில் வைத்து, மாமா பக்கம் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டான். வண்டி குலுங்கியதால் எழுத்து கோணலாக வந்தது.

'8.20. தாய்மாமன். ஈர வேட்டி. கரையோட மஞ்சள் எறங்கி வெள்ளயில பரவுது.'

'ஏறுன அம்மா. கிளிப்பச்ச. ஜாக்கெட்டு அரக்கு, சேரல. சேராததுதான் நல்லா இருக்கு.'

'நான். கறுப்பு. வலது முழங்கைல பச்ச நூலு.'

"என்னாப்பா எழுதற?" என்றார் பெஞ்சமேன் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

அடுத்த ஸ்டாப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வண்டி வேகம் குறைந்தது. அவன் தலையைக் குனிந்து, மூன்று பேரையும் கழுத்துக்குக் கீழே ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். பிறகு தாளில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினான்.

'மயில்கழுத்து இன்னிக்கும் வரல.'